முள்ளாண்டியின் கூட்டடி

மனோகரன் அண்ணன் முதல் தடவை எங்கள் கடைக்கு வந்தது போர்க்லிப்ட் லைசென்சை நகல் எடுப்பதற்காக. லூனாஸ் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் கடை அது. நோட்டுப் புத்தகம் விற்போம், நகல் எடுத்துக் கொடுப்போம், கல்யாணப் பத்திரிகையும் அடிப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கடையை அடைத்த பிறகு, பின்கட்டில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே மேசையைப் போட்டு நானும் சிவநேசனும் நளினியும் விளையாடுவது வழக்கம். சிவநேசன் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவன். நளினி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அன்று இரும்புக் கதவைப் பாதிதான் இறக்கியிருந்தேன். குனிந்து உள்ளே வந்த மனிதர் நகலைக் கையில் வாங்கிய பிறகும் போகவில்லை. மேசைமேல் உருண்ட பகடைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“காசு வச்சி ஆடுறீங்களா?” என்று கேட்டார்.

“காசும் இல்ல, ஒரு மண்ணும் இல்லண்ணே. கத விளையாட்டு,” என்றேன்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு மாவீரன். யாருக்கு என்னென்ன சக்தி, எந்தச் சக்திக்கு எத்தனை பகடை என்பது ஒரு தாளில் இருக்கும். கதையை நடத்துவது நான். வில்லனும் நான்தான், மழையும் நான்தான், போலீஸ்காரனும் நான்தான். பாலம் இடிகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன். அவர்கள் வாயால் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விதிகளெல்லாம் பினாங்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தவை. பிடித்ததை வைத்துக்கொண்டேன், பிடிக்காததை மாற்றினேன்.

“நாப்பத்தி நாலு வயசாவுது. சேத்துக்குவீங்களா?” என்றார் அவர். நளினி சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மட்டும் ஏனோ அந்தக் கேள்வி பிடித்துப்போனது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் பிறந்தது புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பதினாறு வயதில் அப்பாவோடு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டப் போனவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி வெட்டும் வேலை. விழுகிற குலை ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது, அதைத் தூக்கி வண்டியிலும் போட வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் இடுப்பும் இரண்டு முட்டியும் போய்விட்டன. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது கூலிமில் ஒரு தொழிற்சாலைக் கிடங்குக்குப் பெட்டி தூக்க வந்தார். ஆறு வருடம் தூக்கிய பிறகுதான் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டியை ஓட்ட விட்டார்கள். “எங்க வம்சத்துலயே ஒக்காந்துகிட்டு சம்பாதிக்கிற மொத ஆளு நாந்தான் லோகா,” என்பார். எனக்கு லோகேஸ்வரி என்று பெயர். அவர் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

வீட்டில் அவர் பேசவே மாட்டார் என்று அவர் மனைவி ரமணி அக்கா சொல்லியிருக்கிறார். கிடங்கிலும் ஊமைதானாம். எங்கள் மேசையில் மட்டும் அவர் வாயை மூட வைக்க முடியாது. தன் வீரனுக்கு முள்ளாண்டி என்று பெயர் வைத்தார். செம்பனை மட்டையின் முள்ளை எய்வான், எண்ணெயை வழியவிடுவான், தீ மூட்டுவான், புகையாகப் பரவுவான். நான்குமே சில்லறைச் சக்திகள். நளினியின் வீராங்கனை ஒரு கையால் பஸ்ஸைத் தூக்குவாள். பெரிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிவநேசன் எவ்வளவோ சொன்னான். அவர் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது பாறையன் வந்த அன்று தெரிந்தது. பாறையன் நான் உண்டாக்கிய வில்லன், உடம்பெல்லாம் கல். அவன்மேல் விழும் ஒவ்வோர் அடியிலிருந்தும் பதினெட்டுப் புள்ளியை அந்தக் கல் தின்றுவிடும். முள்ளாண்டியின் ஒரு சக்திக்கு மூன்றே பகடை, பத்துப் புள்ளி வருவதே பெரிது. விடிய விடிய அடித்தாலும் பாறையனுக்குக் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. மனோகரன் அண்ணன் தன் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நாலையும் ஒரே அடியா அடிச்சா, அந்தக் கல்லு நாலு தடவ தின்னுமா, ஒரு தடவ தின்னுமா?”

புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்தது, நாங்கள் அதுவரை தொட்டதே இல்லை. ஒருவன் தன் சக்திகள் பலவற்றை ஒரே அடியில் கோக்கலாம். கவசம் ஒரே ஒரு தடவைதான் குறுக்கே வரும். ஆனால் சக்திகள் எப்படிச் சேர்கின்றன என்று அடிப்பவன் சொல்ல வேண்டும், சொல்வது நம்பும்படி இருக்க வேண்டும். அதற்குக் கூட்டடி என்று அன்றே பெயர் வைத்தோம்.

“ஒரு தடவதான்,” என்றேன்.

அவர் எழுந்து நின்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். “மொதல்ல பொகை. அவனுக்குக் கண்ணு தெரியாது. பொகைக்குள்ளயே எண்ணெய். அந்தக் கல்லுல எங்கெங்க வெடிப்பு இருக்கோ அங்கெல்லாம் எறங்குது. எண்ணெய் போன வழியில முள்ளு போவுது. முள்ளு நுனியில நெருப்பு. உள்ள போயி பத்திக்குது. வெளிய கல்லு, உள்ள அடுப்பு,” என்றார். பன்னிரண்டு பகடையை இரண்டு கையாலும் அள்ளி உருட்டினார். நாற்பத்தொன்று விழுந்தது. கல் தின்றது போக இருபத்துமூன்று. மூன்று மாதமாக நான் பாடுபட்டு வளர்த்த வில்லன் வெடித்துச் சிதறிவிட்டான். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அவருக்குக் கூட்டடிதான் எல்லாம். கதவைத் திறக்கக்கூட இரண்டு சக்தியைக் கோப்பார். “அண்ணே, இது கதவு, பாறையன் இல்ல,” என்று நளினி கேலி செய்வாள். அவர் கவலைப்பட மாட்டார். வாரம் முழுக்கக் கிடங்கில் வண்டி ஓட்டிக்கொண்டே எதை எதோடு சேர்க்கலாம் என்று யோசித்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார்.

அந்த விதியில் இன்னொரு வரியும் இருந்தது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத சக்திகளைக் கோத்தால் அடியில் பாதி அடித்தவன்மேலேயே திரும்பும். நாங்கள் அதைத் திருப்பியடி என்போம். மறு வருடம் முள்ளாண்டிக்கு மழையை வரவழைக்கும் சக்தி கிடைத்தது. புதுச் சக்தி கிடைத்த ஆசையில் அதையும் தீயையும் கோத்துவிட்டார். திரும்பி வந்த அடியில் முள்ளாண்டி சாய்ந்தான். விதிப்படி இரண்டு வாரம் எழ முடியாது. அந்த இரண்டு ஞாயிறும் அவர் தவறாமல் வந்தார். வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். மற்ற இடங்களில் அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று அப்போதுதான் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

“இனிமே திருப்பியடி கெடையாது. எத வேணும்னாலும் எதோட வேணும்னாலும் கோத்துக்குங்க,” என்றேன்.

சிவநேசன் முகத்தைச் சுளித்தான். “அடிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னா அப்புறம் என்னாக்கா ருசி இருக்கு?” என்றான். விளையாட்டுதானே, போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வருடம் புதுக்கதை ஆரம்பிக்கும்போது ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒவ்வொருவரும் தன் வீரனின் பலவீனத்தை ஒரு தாளில் எழுதி, மடித்து, என்னிடம் மட்டும் கொடுக்க வேண்டும். கதை நடத்துகிறவள் அந்தத் தாளை யாரிடமும் காட்டக் கூடாது, காட்டினால் அன்றோடு கதை முடிந்தது. இதில் நான் மகா கறார். நளினியின் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சிவநேசன் எனக்கு நாசி லெமாக் வாங்கிக்கொடுத்தான். நாசி லெமாக்கைத் தின்றேன், தாளைக் காட்டவில்லை.

மனோகரன் அண்ணன் கொடுத்த தாளைப் படித்தபோது மற்ற இருவரும் காப்பி வாங்கப் போயிருந்தார்கள். முள்ளாண்டி தினமும் காலையில் ஐந்து மருந்தை ஒரே அடியாக அடிப்பான் என்று தொடங்கியிருந்தார். கிளினிக்கில் கொடுக்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள். இரண்டு தனியார் கிளினிக்குகளில் மாற்றி மாற்றி வாங்கும் வலி மாத்திரை, வேளைக்கு இரண்டு. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஓர் ஆள் விற்கும், டப்பாவில் குதிரைப் படம் போட்ட கறுப்பு கேப்சூல். கோயில் திருவிழாவில் வாங்கிய லேகியம். சீனர் மருந்துக் கடையில் கொடுத்த வேர்ப்பொடி. எல்லாவற்றையும் பால் இல்லாத தேநீரான தே ஓ ஒரு குவளையோடு விழுங்கிவிட்டுத்தான் முள்ளாண்டி எழுந்து நிற்கிறான், ஒன்று குறைந்தாலும் எழ மாட்டான் என்று முடித்திருந்தார்.

“இது முள்ளாண்டி இல்லியேண்ணே,” என்றேன்.

“வலியும் பாறையன் மாதிரிதான் லோகா. ஒண்ணொண்ணா அடிச்சா உள்ள போவாது. கிளினிக் மாத்திரய தனியா போட்டுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. லேகியத்த தனியா தின்னேன், அதுவும் கேக்கல. அஞ்சையும் சேத்துப் போட்டேன் பாரு, அன்னிக்கே வண்டியில கொரங்கு மாதிரி ஏறி எறங்குனேன். ரெண்டு வருஷமா நான் எம்.சி. லீவு எடுக்கல, தெரியுமா?”

“சிவாகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்.”

“அவன் கிளினிக் கார்டுல எழுதி வச்சிருவான். அது கம்பெனி டாக்டர் கைக்குப் போவும். வண்டியிலேருந்து எறக்கி மறுபடியும் பெட்டி தூக்கப் போடுவானுங்க. இந்த இடுப்ப வச்சிகிட்டு தூக்க முடியுமாலா? ஒங்கிட்ட மட்டுந்தான் குடுத்திருக்கேன்,” என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். “அதான் திருப்பியடி கெடையாதுன்னு நீயே சொல்லிட்டியே.”

நான் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை. தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமும் இல்லை. ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சீனர் வேரையும் குடித்துவிட்டு, மலாய்க்கார அக்காவிடம் ஜாமு மூலிகையும் வாங்கி, போதாக்குறைக்கு நெற்றியில் விபூதியும் பூசிக்கொள்வோம். எது கேட்குமோ யார் கண்டது, எல்லாவற்றையும் போட்டு வை என்பதுதான் எங்கள் வைத்தியம். என் அம்மாவும் அப்படித்தான் செய்கிறார்.

நான்கு மாதம் போனது. ஒரு ஞாயிறு அவர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். பாதம் இரண்டும் ஊதிப்போயிருந்தன. ஷூ நுழையவில்லை, நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதால் வருவது என்றார். அன்று அவர் பகடை நன்றாகவே விழுந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை, கிடங்கில் வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாலையில் பார்வை நேரத்துக்கு நான் போனேன். தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்யும் ரமணி அக்கா, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சுபாஷினி சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. நிறுத்தி நிதானமாகத் தமிழில் பேசினாள். இரண்டு கிட்னியும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டன என்றாள். ஏதோ ஒன்று அவற்றைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கிறது, அது என்ன என்று தெரிந்து உடனே நிறுத்தினால் கொஞ்சமாவது திரும்ப வரலாம், இல்லையென்றால் ஆயுசுக்கும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின்தான் என்றாள்.

“அங்கிள், வெளிய வாங்குற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா? ஜாமு, லேகியம், வலி மாத்திர, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

“கவர்மென்ட் மாத்திர மட்டுந்தான் டாக்டர்,” என்றார் அவர்.

டாக்டர் ரமணி அக்காவைக் கேட்டாள். “காலையில அஞ்சரைக்கே நான் வேலைக்குப் போயிருவேம்மா. அவரு வாயத் தொறந்து எதயும் சொல்ல மாட்டாரு,” என்று அக்கா அழ ஆரம்பித்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொந்தமா? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

மனோகரன் அண்ணன் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று மேசையில் காத்திருப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

“தெரியாது டாக்டர்,” என்றேன்.

இதை எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பயமா, பழக்கமா, அவர் வேலை போய்விடுமே என்ற இரக்கமா? மூன்றும்தான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவே இல்லை. நான்கு மாதமாக யார் கேட்டாலும் தாளில் இருப்பதைச் சொல்லாத வாய் அது. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

ரமணி அக்கா சுடுதண்ணீர் பிடிக்கப் போனபோது அவர் என் கையைத் தட்டினார். “ரூலு ரூலுதான்லா,” என்றார். கண்ணிமை வீங்கியிருந்தது. “ரெண்டு நாள்ல எறங்கிரும். போயி வேலயப் பாரு.”

செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம். பள்ளித் தேர்வுத்தாள் நகல் எடுக்க வந்துவிட்டார்கள். அவருடைய தாள் இருந்த கோப்பு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் எப்படியும் மருந்தை அவர்கள்தானே கொடுக்கிறார்கள், வெளி மருந்து தானாகவே நின்றுபோயிருக்கும், பிறகு சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். அந்த வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். புதன்கிழமையும் அப்படியே போனது.

புதன் சாயந்திரம் சிவநேசன் போன் செய்தான். “அக்கா, அண்ணனுக்கு ரத்தத்துல கழிவு ஏறிகிட்டே போவுதாம். எல்லா மருந்தும் மாத்திப் பாத்துட்டாங்க, ஏன் எறங்கலன்னே தெரியலையாம். மாசாமாசம் எங்கிட்டதான் வந்து மாத்திர வாங்குவாரு. வேற என்னா சாப்பிடுறீங்கன்னு ஒரு தடவகூட நான் கேக்கலியே,” என்றான். நான் படித்தேனே, எனக்குத் தெரியுமே என்று சொல்லியிருக்கலாம். மனசைத் தேற்றிக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை முதலாளியிடம் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். வார்டுக்குள் போகாமல், டாக்டர் சுபாஷினியை வராந்தாவிலேயே பிடித்துத் தாளைக் கொடுத்தேன். அவள் நின்றபடி படித்தாள்.

“யாரு இந்த முள்ளாண்டி?”

“அவருதான்.”

“இது எப்ப எழுதுனது?”

“நாலு மாசம் இருக்கும்.”

“அப்ப திங்கக்கிழம நான் கேட்டப்போ?” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு வார்டுக்குள் ஓடினாள். அவருடைய துணிப்பையை நர்ஸ் கவிழ்த்தபோது, துண்டுக்கு அடியில் கறுப்பு கேப்சூல் டப்பாவும் வலி மாத்திரை அட்டைகளும் இருந்தன. அட்டைகளில் பாதி காலி. யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி மருந்தோடு அவற்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில், நான்கு நாளும் வேளைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று.

டாக்டர் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “திங்கக்கிழமயே நிறுத்தியிருந்தா ஒருவேள...” என்றாள்.

“நான் குடுத்தேன்னு அவருகிட்ட சொல்லிராதீங்க டாக்டர்,” என்றேன். அதையும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. படுக்கை விரிப்பை மாற்றும்போது பையில் நர்ஸ் கண்டுபிடித்ததாக அவரிடம் சொன்னார்கள். அவர் நம்பிவிட்டார்.

கிட்னி திரும்பவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி டாக்டர் ஒரே நாளில் அவரை வண்டியிலிருந்து இறக்கினார். எதற்குப் பயந்து அத்தனையையும் விழுங்கினாரோ அது இரண்டு வரிக் கடிதமாக வீட்டுக்கு வந்தது. ரமணி அக்கா கேன்டீனில் இரண்டு வேளை வேலை செய்கிறார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்த பிறகு பழமொழி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

ஒருநாள் ரமணி அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். “மூணு நாளு முந்தி தெரிஞ்சிருந்தா கொஞ்சமாச்சும் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க லோகா. யாருக்குமே தெரியாமப் போச்சே,” என்றார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கூச்சமே இல்லாமல் தட்டிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நின்றுவிட்டது. அவர் ஒரே ஒரு தடவை வந்தார். உட்கார்ந்து அரைமணி நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நளினி பகடைகளைச் சத்தம் வராமல் பையில் போட்டாள். சிவநேசன் இன்னமும் தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். மருந்துச் சன்னலில் வருகிற ஒவ்வொருவரையும் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்கிறானாம், வரிசை வாசல்வரை நிற்கிறதாம். அவனை நான் தடுக்கவும் இல்லை, அவனிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை.

கூலிமில் ஒரு கடை மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு அவர் செவ்வாய், வியாழன், சனி போகிறார். சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து நேராக நானும் போவேன். நான்கு மணி நேரம் படுத்திருப்பவருக்குப் பேச்சுத் துணை வேண்டுமே. ஊசி ஏறிய கை வீங்கி, நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். அவர் இப்போது அங்கே நிறையப் பேசுகிறார். பேசாமல் இருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

போன சனிக்கிழமை ரமணி அக்காவும் வந்திருந்தார். கேன்டீனுக்கு அன்று விடுமுறை. மிலோ பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் சுப்பிரமணியம் என்று செமிலிங்கைச் சேர்ந்த புது ஆள் ஒருவர், அன்றுதான் முதல் தடவை. பயந்துபோய்க் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தைரியம் சொல்லத்தான் மனோகரன் அண்ணன் ஆரம்பித்தார். மிஷின் ஒன்றும் செய்யாது, பழகிவிடும், துணைக்கு நல்ல ஆள் இருந்தால் எதையும் தாங்கலாம் என்றார். பிறகு ஊசி இல்லாத கையால் என்னைக் காட்டினார்.

“இந்தா நிக்கிறா பாருங்க, எந்தங்கச்சி. கூடப் பொறக்கல, ஆனா கூடப் பொறந்ததெல்லாம் இவ காலு தூசி. நான் என்னென்னா மருந்து தின்னேன்னு எழுதி இவ கையிலதான் குடுத்து வச்சிருந்தேன். டாக்டரம்மா இவள மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க, ஒனக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னுட்டா. கடசி வரைக்கும் என்னைய காட்டிக் குடுக்கல. இந்தக் காலத்துல அப்பிடி ஒரு ஆளு கெடைக்கிமா, சொல்லுங்க?”

சுப்பிரமணியம் மரியாதையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தரையைப் பார்த்தேன். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த ரமணி அக்காவின் கை நின்றுவிட்டது.

“திங்கக்கிழமயே ஒனக்குத் தெரியுமா லோகா?” என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

தெரியும் அக்கா என்றேன்.